வளைந்த ஒளியால் வரைந்த வரைபடம்

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில போறவங்க, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பாங்க. பாட்டு கேட்கும், பாடுறது எதுவெண்டு கண்ணுக்குத் தெரியாது. வானியலிலும் இப்படியொரு கதை இருக்கு.

1933இல் சுவிஸ் வானியலாளர் பிரிட்ஸ் சுவிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் சேர்ந்திருக்கும் கோமா கொத்தை ஆராய்ந்தார். அவை ஓடும் வேகத்துக்கு, தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் எண்டால் கொத்து எப்பவோ சிதறியிருக்கும். பிடித்து வைத்திருக்கும் தெரியாத பொருளைக் கரும்பொருள் என்றார். அதை நிறுக்க 1937இல் வழியும் சொன்னார்: பெரிய நிறை, பின்னாலிருந்து வரும் ஒளியை வில்லைபோல வளைக்கும், வளைவை அளந்தால் நிறை தெரியும். தண்ணிக்குள் விட்ட துடுப்பு வளைந்து தெரியுதே, கிட்டத்தட்ட அதுபோல.

ஆனால் 1980களில்தான் ஏபெல் 370 என்ற கொத்தில் அப்படி வளைந்த ஒளி வில் பிடிபட்டது.

அந்த வளைவுகளிலிருந்து, ஒவ்வொரு மண்டலத்தையும் சுற்றி எவ்வளவு கரும்பொருள் இருக்கெண்டு பிரித்தறியும் முறையை 1997இல் விளக்கியவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன். 2020இல் அவரும் இருந்த குழு ஹபிள் படங்களை வைத்துப் பார்த்தபோது, கொத்துகளுக்குள் இருக்கும் சிறு கரும்பொருள் திட்டுகள் கணினி மாதிரிகள் சொன்னதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வலுவான வில்லைகளாக இருந்தன.

மாதிரி பிழையா, கரும்பொருளைப் பற்றிய நம்ம எண்ணமே பிழையா? வரைபடம் கையில இருக்கு. அதில் வரைந்திருக்கும் பொருள் என்னவெண்டுதான் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.