வண்ணார்பேட்டையும் சேகர ஏடுகளும்

தாமிரபரணியின் பாளையங்கோட்டைக் கரையில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், முருகன்குறிச்சி என்பன அடுத்தடுத்து அமைந்துள்ளன. பேட்டை, குளம், குறிச்சி என்னும் ஈறுகளை நோக்குமிடத்து, தொழிலும் நீரும் நிலமுமே இவற்றிற்குப் பெயர் தந்தன என்பது புலனாகும். கிறித்தவக் கோயில்கள் பின்னரே வந்தன. வந்தும் இப்பெயர்களை மாற்றவில்லை. முருகன்குறிச்சியில் இரேனியசு ஐயர் 1826இல் தூய திரித்துவ ஆலயம் எழுப்பினார். ஊர் முருகன்குறிச்சியாகவே நின்றது.

1778இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா என்னும் அந்தணக் கைம்பெண்ணின் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் திறக்கப்பெற்றது. மக்கள் அதனைப் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே வழங்கினர். ஊர்வாய் சாதியை எளிதில் விடுவதில்லை போலும்!

சீர்திருத்தச் சபையார் தம் வட்டத்தைச் ‘சேகரம்’ என்பர். கத்தோலிக்கர் ‘பங்கு’ என்பர். பேட்டை மண்ணால் எல்லை கொள்வது. சேகரம் மக்களைத் திரட்டுவது. ஆகவே, ஒரே தெருவினர் வெவ்வேறு வட்டத்தினராதல் இயல்பு.

இவ்வேறுபாடு வரலாற்றாசிரியர்க்குப் பெரிதும் பயன்படும். கல்வெட்டுகள் பெரும்பாலும் கொடையாளரைக் கூறும். வண்ணார்பேட்டை என்னும் பெயர் தொழிலைக் கூறும். ஆற்றில் துணி வெளுத்தோர் இன்னார் என அவை கூறா. சேகர ஏடுகளோ தம்மைச் சேர்ந்த எளியோரையும் பெயர் சுட்டி எழுதின. அவற்றைச் சமயத்தார் உடைமையென்று நாம் ஒதுக்குதல் தகாது. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவில் 40 பேர் இடம்பெற்றுள்ளனர்.