விஸ்வநாததாஸின் குரல்

1940 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த விஸ்வநாததாஸ் மேடையிலேயே இறந்துபோனார். வயது 54. அவர் பெயரைச் சொன்னால் நமக்கு முதலில் நினைவு வருவது இந்த மரணம். அடுத்தது சிறை. மூன்றாவதாக எதுவும் வருவதில்லை. ஆயுள் முழுக்க நடிப்பையும் பாட்டையும் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரிடம் நடிப்பையும் பாட்டையும் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மிச்சத்துக்குத் தியாகி என்று பெயர்.

இதில் எனக்கும் பங்குண்டு. பல வருஷங்களுக்கு முன் நண்பர்கள் கூட்டமொன்றில், அந்தக் காலத்து மேடைப் பாட்டுகளை அச்சில் வந்தபடியே படித்துக்காட்டினேன். படித்த தொனியிலேயே என் தீர்ப்பு இருந்தது. மலிவான எதுகை, நேரடியான கோஷம், கவிதையின் வாசனைகூட இல்லை. எல்லோரும் சிரித்தோம். பிரச்சாரம் கலையைக் கொன்றுவிடும் என்ற நம் வாய்பாட்டுக்கு இன்னொரு உதாரணம் கிடைத்த திருப்தியில் கலைந்தோம்.

தாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர். மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட ஜாதி. தென்மாவட்டங்களில் இந்தச் ஜாதியார் முடிதிருத்தியதோடு வைத்தியமும் பார்த்தார்கள், நாதஸ்வரமும் வாசித்தார்கள். ஊர்க் கல்யாணத்துக்கு இவர்கள் இசை வேண்டும். பந்தியில் இவர்கள் உட்காரக் கூடாது. அவர் பிறந்த சிவகாசி, விஸ்வநாத சுவாமி கோயிலுக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்ற சண்டை முற்றி 1899இல் கலவரத்தில் எரிந்த ஊர். தீப்பெட்டித் தொழில் அங்கே வந்தது 1920களில். பட்டாசும் காலண்டர் அச்சும் அதன் பிறகு. தாஸ் அதற்கெல்லாம் முன்பே திருமங்கலத்துக்காரராகிவிட்டார். மதுரையும் திருமங்கலமும்தான் அவர் தொழிலின் மையம்.

அந்தத் தொழிலைப் புரிந்துகொள்ளாமல் அவர் அரசியலைப் பேச முடியாது. ஸ்பெஷல் நாடகம் என்பது கம்பெனி நாடகம் அல்ல. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறொரு ஊரிலிருந்து. அன்றிரவு மேடையில்தான் சந்திப்பு. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த கதைப் போக்கும் பாட்டுகளும் எல்லோருக்கும் மனப்பாடம். அதுதான் பொதுச் சொத்து. பாட்டுக்குப் பாட்டு, தர்க்கத்துக்குத் தர்க்கம் என்று இடைவெளிகளை அந்தந்த நடிகர் அந்தந்த நேரத்தில் நிரப்ப வேண்டும். விடியும்வரை.

1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் ராஜதுரோகமான நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்திருந்தது. ஆனால் சட்டத்துக்குத் தேவை ஒரு பிரதி. ஸ்பெஷல் நாடகத்தில் எது பிரதி? 'வள்ளி திருமணம்' என்று நோட்டீஸ் போட்டிருக்கும். முருகன் வள்ளியை மணப்பதில் ராஜதுரோகம் என்ன இருக்கிறது? தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் எல்லா 'வள்ளி திருமண'த்திலும் உண்டு. விரட்டப்படும் பறவைகளில் ஒன்று கொக்காக இருக்கலாம். கொக்கு வெள்ளையாக இருப்பது இயற்கை. மதுரகவி பாஸ்கரதாஸ் பெயரில் வழங்கும் அந்தக் கொக்குப் பாட்டு இப்படித்தான் கதைக்குள் வந்து உட்கார்ந்தது. தாஸ் அதைப் பாடினார். 1919க்குப் பின் பஞ்சாப் படுகொலையைப் பற்றியும் பாடினார். கைதானார், வெளியே வந்தார், அடுத்த ஊரில் மறுபடியும் பாடினார்.

கொக்குப் பாட்டை நான் கேலிசெய்து படித்ததற்கு ரொம்ப நாள் கழித்து, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் பார்த்தேன். முடிந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த வயதான ஆர்மோனியக்காரரிடம் இந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அச்சில் படித்தால் ஒன்றுமில்லையே என்றேன்.

"பொஸ்தகத்துல பாத்தா அப்பிடித்தான் தம்பி செத்துக் கெடக்கும். அது அங்க இருக்கதுக்குப் பொறந்ததில்ல" என்றார். கட்டிய பெட்டியை மறுபடி அவிழ்த்தார்.

முதல்முறை அடியை அப்படியே பாடினார். வெறும் பறவை விரட்டு. இரண்டாம் முறை, நிறத்தைச் சொல்லும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினார். பெட்டியில் சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்னையே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா? நான் இன்னும் சொல்லல. நீதான் சொன்ன. போலீசு யாரப் பிடிப்பான்?" என்றார்.

நான் படித்த விமர்சனமெல்லாம் சேர்ந்து அந்த ஒரு நிறுத்தத்தை எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நாம் கோஷம் என்று சொன்னது தாளில் மட்டும்தான் கோஷம். மேடையில் அது முடிக்கப்படாத வாக்கியம். முடித்தவர்கள் கீழே மணலில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த நிறுத்தத்தின் நீளத்தை ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு கணிக்க வேண்டும். ஒரு கணம் கூடினால் விஷயம் அம்பலம், ஒரு கணம் குறைந்தால் வெறும் கொக்கு. அதைக் கணிப்பதற்குச் சங்கீதஞானம் வேண்டும், சபையை அளக்கும் பிரக்ஞை வேண்டும். பிரச்சாரம் கலையைக் கொல்லும் என்றோம். இங்கே கலை இல்லாமல் பிரச்சாரம் ஓரடி நடந்திருக்காது.

தாஸைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. கைது செய்ய வந்த அதிகாரியிடம், வாரண்ட் விஸ்வநாததாஸ் பேரில்தானே இருக்கிறது, இங்கே நிற்பது முருகன் என்றாராம். சாமர்த்தியம் என்று இதை ரசித்துச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று கேட்கிறது. வேஷத்தில் இருக்கும்வரை அவர் முருகன். சபையில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. வேஷம் கலைந்தால் அவர் நாவிதர். ஜாதியைக் காரணம் காட்டி அவரோடு வள்ளியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். அரிதாரம் அவருக்குச் சர்க்காரிடமிருந்து கொடுத்த பாதுகாப்பைச் சகநடிகர்களிடமிருந்து கொடுக்கவில்லை.

இதே மேடையில், இதே சங்கரதாஸ் பாட்டுகளைப் பாடியவர் எஸ். ஜி. கிட்டப்பா. 1933இல், 27 வயதில் இறந்தார். அவரும் தேசிய இயக்கத்தின் பக்கம் நின்றவர். ஆனால் கிட்டப்பா என்றால் நாம் குரலைப் பற்றிப் பேசுகிறோம். அந்த உச்சஸ்தாயி, அந்த பிருகாக்கள். தாஸ் என்றால் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறோம். கிட்டப்பாவை இன்றும் இசைத்தட்டில் கேட்க முடிகிறது என்பது ஒரு காரணம், நியாயமான காரணம். அது மட்டும்தான் காரணம் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்கு மேதமையைக் கொடுத்தோம். மற்றவருக்கு நன்றியைக் கொடுத்தோம். கீழேயிருந்து வருகிறவனிடம் நாம் எப்போதும் ஒழுக்கத்தைத்தான் பாராட்டுகிறோம், கலையை அல்ல. நன்றி சொல்வது சுலபம். அதற்குப் பின் அவனைக் கூர்ந்து கேட்க வேண்டியதில்லை.

2016இல் பாப் டிலனுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது, பாட்டு இலக்கியமா என்று நம்மிடையேயும் சர்ச்சை கிளம்பியது. ராக் மேடையில் கிதாரோடு பாடப்பட்டதைத் தாளில் வைத்து அளந்து, தேறும் என்றார்கள் சிலர், தேறாது என்றார்கள் சிலர். இரண்டு கட்சியும் தாளைத்தான் தராசாக வைத்துக்கொண்டது. அந்தச் சர்ச்சையில் விஸ்வநாததாஸின் பெயரையோ பாஸ்கரதாஸின் பெயரையோ ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தபோது அதற்குப் பாட்டெழுதியவர் பாஸ்கரதாஸ். மேடையில் பழகிய தேசியப் பாட்டு கதைக்குச் சம்பந்தமில்லாமலே அந்தப் படத்திலும் புகுந்தது. தமிழ் சினிமா தன் முதல் வாயைத் திறந்தபோது அதில் இவர்கள் மேடையின் குரல் இருந்தது. நம் இலக்கிய சரித்திரங்களில் அதற்கு ஒரு பாராகூட இல்லை.

திருமங்கலத்தில் தாஸுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. கடைசிக் காலத்தில் அவரைக் கடன் நெருக்கியது, கடனோடுதான் மேடையேறிக்கொண்டிருந்தார். அங்கே தியாகம் என்ற சொல் பொருத்தமானதுதான். அதை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு சொல்லை வைக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

சிவகாசியில் வருஷம்தோறும் காலண்டர் அச்சாகிறது. மயில்மேல் முருகன் படம் எத்தனையோ வீட்டுச் சுவருக்குப் போகிறது. டிசம்பர் 31ஆம் தேதித் தாளைக் கிழிக்கும்போது, அதே ஊரில் பிறந்த ஒருவர் அதே கோலத்தில் பாடியபடி இறந்த நாள் அது என்று எனக்கு நினைவு வரும். இப்போதெல்லாம் அந்த மரணத்தை விட, அவர் பாட்டில் விட்டிருக்கக்கூடிய நிறுத்தங்களை நினைத்துக்கொள்கிறேன். அவர் குரலை நான் கேட்டதில்லை. அந்த நிறுத்தத்தை மட்டும், ஒரு கிழவரின் ஆர்மோனியத்தில், ஒருமுறை கேட்டிருக்கிறேன்.