எல்லே

தமிழும் சிங்களமும் கலந்து புழங்கும் சிலாபம், புத்தளம் கரையோரத்தில் 'எல்லே' என்றதும் தமிழ்க் காதுக்கு 'எல்லை'தான் நினைவுக்கு வரும். எல்லே என்பது மூங்கில் மட்டையால் பந்தை விளாசிவிட்டுத் தரிப்பிடங்களைச் சுற்றி ஓடிவரும் ஆட்டம். கடக்க எல்லைகள் உண்டு, பெயர் பொருந்துகிறதே என்பார்கள். ஆனால் எல்லை இல்லாத ஆட்டம் எது? இந்த ஆட்டத்தின் முக்கிய அடையாளம், ஓடுகிறவரைக் குறிபார்த்துப் பந்தை எறிவதுதான். பந்து மேலே பட்டால் அவர் ஆட்டமிழப்பார். சிங்களத்தில் 'எல்லய' என்றால் இலக்கு, குறி. அதுவே வேர் என்பது என் துணிபு. மலைநாட்டு எல்ல நகரின் பெயரிலுள்ள, அருவியைக் குறிக்கும் சொல்லோடும் எல்லேயைச் சேர்க்கக்கூடாது. சிங்களத்தில் அதன் முதலெழுத்தே வேறு; தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் 'எ' ஆகிவிடுகின்றன.