மேடையில் பெயராத சொல்: பாலஸ்தீன நாடகமும் அயல்மொழிப் பார்வையாளரும்

பாலஸ்தீன நாடகங்கள் அயல்நாடுகளில் நடிக்கப்பெறும்போது மொழித்தடையைக் கடக்கும் முறைகள் பல. அவற்றுள் இரண்டினை, ஜெனின் ‘விடுதலை அரங்கு’ பங்குகொண்ட இரு நாடகங்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஜூலியானோ மெர் காமிஸ் முதலியோர் 2006-இல் ஜெனின் அகதிகள் முகாமில் இவ்வரங்கினை நிறுவினர். அவர் 2011-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2002-இல் பெத்லகேம் தேவாலயத்தினுள் 39 நாட்கள் முற்றுகைக்குள்ளான போராளிகளைப் பற்றிய ‘முற்றுகை’ என்னும் நாடகத்தை அரங்கத்தார் 2015-இல் பிரிட்டனிலும் 2017-இல் நியூயார்க்கிலும் நடித்தனர். உரையாடல் அரபு மொழியில் நிகழ, ஆங்கில மொழிபெயர்ப்பு மேடைக்கு மேல் எழுத்தாகத் தோன்றியது. இம்முறையில் மூலத்தின் ஒலி சிதைவதில்லை. எனினும் பார்வையாளரின் கண் நடிகரை விட்டு எழுத்தை நாடுகிறது.

இரண்டாவது சான்று இந்தியாவைச் சார்ந்தது. 1943-இல் பம்பாயில் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மரபில் வந்தது, 1973-இல் தில்லியில் உருவான ஜன நாட்டிய மஞ்ச். இக்குழுவும் விடுதலை அரங்கும் இணைந்து உருவாக்கிய ‘ஹமேஷா ஸாமிதா’ 2015-16-இல் இந்திய நகரங்கள் சிலவற்றில் நடிக்கப்பட்டது. எழுத்துத்திரைக்குத் தெருநாடகத்தில் இடமில்லை. பொருள் நடிகரின் வாயாலும் உடலாலும் விளங்கியாக வேண்டும்.

இந்நாடகத்தின் தலைப்பே ஆய்வுக்குரியது. ‘ஹமேஷா’ (எப்போதும்) பாரசீகத்திலிருந்து இந்திக்கும் உருதுவுக்கும் வந்த சொல். தாராவி, செம்பூர், வாஷி வாழ் தமிழருக்கும் பழகியது. ‘ஸாமிதா’ அரபுச் சொல். ‘ஸுமூத்’ என்னும் பெயரோடு ஒரே வேரினது; நிலத்தை விட்டு அகலாது நிற்றல் என்னும் பொருளைப் பாலஸ்தீன வழக்கில் பெற்றது. அறிந்த சொல் முன்னின்று அறியாத சொல்லை அறிமுகம் செய்கிறது.

இதனைத் தமிழில் பெயர்ப்பதில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது, ‘உறுதி’ என்பது பொதுவான மனப்பண்பாகிவிட, நிலம் மறைந்துவிடுகிறது. இரண்டாவது, ‘ஸாமிதா’ பெண்பால் வடிவம். அரபு மொழியில் பெண், நிலம், நாட்டின் பெயர் ஆகிய மூன்றுமே பெண்பால் ஆதலின் அவ்வொரு வடிவம் மூன்றுக்கும் பொருந்தும். தமிழிலோ ‘நிலைத்து நிற்பவள்’ என்றால் நிலம் விலகும். ‘நிலைத்து நிற்பது’ என்றால் பெண் விலகுவாள். திணைப் பாகுபாடு மொழிபெயர்ப்பாளரை ஒரு தேர்வுக்கு உட்படுத்துகிறது.

எம். ஏ. நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981-இல் வெளிவந்தது முதல் பாலஸ்தீன இலக்கியம் தமிழுக்குப் புதிதன்று. ஆயின் நூலில் இடர்ப்படும் சொல்லுக்கு அடிக்குறிப்பு எழுதலாம். மேடையில் அதற்கு வழியில்லை. ஆகவே இத்தகைய சொல்லைப் பெயர்க்காது நிறுத்தி, காட்சிகள்தோறும் மீண்டும் ஒலிக்கச் செய்து, பொருளைப் பார்வையாளரே உய்த்துணர விடுவது தக்கது. மண்ணை இழந்தோரின் சொல்லையேனும் அவர்களுடையதாக இருக்கவிடுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமை எனலாம்.