திருப்புலிவனம்

திருப்புலிவனம், காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்திலுள்ள சிற்றூர். உத்திரமேரூருக்கு வடமேற்கே சுமார் 3 கி.மீ. தொலைவில், காஞ்சிபுரத்துக்குச் செல்லும் பழைய வண்டிப் பாதையின் மேல் உள்ளது. ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்.

சோழர் காலம்

கல்வெட்டுகள் இவ்வூரைத் திருப்புலிவலம் என்று குறிக்கின்றன. காளியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குத் தனி அரசியல் வரலாறு கிடையாது. பிராமணர் ஊரான உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தின் (இன்றைய உத்திரமேரூர்) வரலாறே இதன் வரலாறு. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளை வகுத்த அவ்வூர்ச் சபை, சம்வத்சர வாரியம், ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகிய குழுக்களின் மூலம் சுற்றுவட்டாரத்தைச் சீரும் சிறப்புமாக நிர்வகித்தது. 949இல் தக்கோலப் போரில் சோழர் தோற்றபின் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் ஆட்சி வந்தது. அவன் பெயரிலும் உத்தரமேரூரில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன, சபை கலையவில்லை.

இச்சபையின் நில ஆவணங்களில் வழிகளுக்குத் தனி இடம் உண்டு. ஒரு நிலத்தைக் குறிக்க, இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம் என்று எழுதினர். வதி என்பது வழி, கண்ணாறு என்பது கிளை வாய்க்கால், சதுரம் என்பது நிலக் கட்டம். வழியும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தன. நீர் தேங்கி மாடுகூட நடக்க முடியாமல் போன ஒரு வழியை அகலப்படுத்த, குடிகளிடம் நிலம் வாங்க உத்தரமேரூர்ச் சபை தீர்மானித்ததும் கல்லில் பதிவாகியுள்ளது.

கோயில்

இறைவன் வியாக்ரபுரீசுவரர், இறைவி அமிர்தகுஜாம்பாள். புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் வழிபட்ட தலம் என்பது தலபுராணம். சிங்கத்தின்மேல் கால் ஊன்றி, பாதி பெண் கோலம் காட்டும் தட்சிணாமூர்த்தி சிற்பம் வேறெங்கும் காண்பதற்கரியது. வியாழக்கிழமைகளில் அடியார்கள் வருகின்றனர்.

வண்டிப் பாதை

உத்திரமேரூரிலிருந்து வரும் பாதை இவ்வூரைக் கடந்து, வெங்கச்சேரியில் செய்யாற்றையும் காஞ்சிபுரத்தை நெருங்குகையில் பாலாற்றையும் தாண்டிச் செல்கிறது. ஆற்றுமணலில் சக்கரம் புதையும் என்பதால், நெல் ஏற்றிய பாரவண்டிகளுக்கு இது கடினமான வழியாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் ஒரு ரயில் பாதை செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கும், மற்றொன்று மதுராந்தகம் வழியாக விழுப்புரத்துக்கும் போடப்பட்டன. இரண்டுக்கும் இடையில் விடுபட்ட உத்திரமேரூர்ப் பகுதி மாட்டுவண்டியையே நம்பியிருந்தது. பின்னர் பேருந்து வந்தது.

இன்றைய நிலை

1997இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. இங்கு அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளது. செய்யாற்றில் வெள்ளம் வந்தபோது வெங்கச்சேரி தரைப்பாலத்தில் போக்குவரத்து தடைபட்டதுண்டு.