சுங்கை வே வட்டாரத்தில் நோய்க்காலப் பாதுகாப்பு: தோட்ட மருத்துவமனையும் அதற்குப் பின்னும்

பெட்டாலிங் ஜெயாவில் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கும் சுங்கை வே, ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த பகுதியாக இருந்து, மலாயா அவசரகாலத்தில் மக்கள் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமமாகி, 1972-இல் தடையற்ற வாணிக வட்டாரத்தைப் பெற்று, பின்னர் நகரத்தின் ஒரு துண்டாகக் கரைந்துபோன இடமாகும். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் இம்மாற்றங்களைக் கடந்து வந்துள்ளன. நோயுற்றபோது அவர்களுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்ற கேள்விக்கான விடையும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. தோட்ட நிருவாகம், அரசு மருத்துவமனை, சமூகப் பாதுகாப்பு நிறுவனம், இறுதியாகத் தனியார் காப்புறுதி என்று அந்தப் பொறுப்பு கைமாறிய வரலாற்றில், பாதுகாப்பு எப்போதும் வேலையோடும் வேலை செய்த நிலத்தோடும் கட்டப்பட்டிருந்தது என்பதும், அந்தக் கட்டு அறுந்த பின்னரே தமிழ்த் தொழிலாளிக்குத் ‘தெரிவு’ என்ற ஒன்று வந்து சேர்ந்தது என்பதும் கவனத்துக்குரியவை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நோய்த்தடுப்பின் வரலாறு மலேரியாவிலிருந்து தொடங்குகிறது. 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், அதே ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் கிள்ளான் நகரமும் காய்ச்சலால் நிலைகுலைந்திருந்ததைக் கண்டு, சதுப்பு நிலத்தைச் சுற்றி வரப்பெழுப்பி வடிகால் வெட்டச் செய்தார். அதனால் அவ்விரு இடங்களிலும் நோய் குறைந்தது. கடலோரச் சமவெளியில் பயன் தந்த இம்முறை உள்நாட்டுக் குன்றுகளில் எதிர்விளைவை உண்டாக்கியது. காடழித்து ரப்பர் நட்ட குன்றுப்புறங்களில் வெயில் படும் தெளிந்த நீரோடைகளே ‘அனோபிலிஸ் மாக்குலேட்டஸ்’ என்னும் கொசுவின் பிறப்பிடமாயின. ஆகவே புதிதாக வெட்டித் திறக்கப்பட்ட தோட்டங்களில், தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக வந்திறங்கிய தொழிலாளர்கள் மரம் வளர்வதற்குள் நோயில் விழுந்தார்கள். அரசுப் பணியை விட்டுத் தோட்ட மருத்துவராக மாறிய வாட்சன், நிலத்தடிக் குழாய் வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் தொழிலாளியின் உயிரோடு தோட்ட முதலாளியின் முதலீட்டையும் காக்கும் என்று வாதாடினார். அந்த வாதம் எடுபட்டதற்குக் காரணம் கருணை மட்டுமன்று; ஆளை வரவழைக்கும் செலவு, ஆளைப் பிழைக்க வைக்கும் செலவைவிடக் கூடுதலாகிவிட்டது என்ற கணக்கும் அதில் இருந்தது.

அந்தக் கணக்குதான் சட்டமாகவும் வடிவெடுத்தது. 1907-இல் நிறுவப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழுவின் பொறுப்பில், முதலாளிகளிடம் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி திரட்டிய ஒரு நிதி இயங்கியது. தொழிலாளரின் கப்பல் பயணச் செலவை அது ஏற்றதோடு, உழைக்க இயலாமல் தளர்ந்தவர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் செலவையும் ஏற்றது. 1912-இலும் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தோட்டம் தன் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என்பதைக் கடமையாக்கின. பெரிய தோட்டங்கள் தமக்கெனத் தனி மருத்துவமனை கட்டிக்கொண்டன. சிறியவை பல சேர்ந்து ‘குரூப் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட கூட்டு மருத்துவமனைகளை நடத்தின. மருத்துவர் குறித்த நாள்களில் வந்து செல்பவராகவே இருந்ததால், அன்றாடம் காய்ச்சல் பார்த்து, மருந்து கலந்து, புண் கட்டி, யாருக்கு ஓய்வு, யாருக்கு வேலை என்று முடிவு செய்தவர் ‘டிரஸ்ஸர்’ என்று தோட்டத்தார் அழைத்த மருத்துவ உதவியாளரே ஆவார். நோயாளியின் நலனுக்கும் மறுநாள் ‘பிரட்டு’ என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குத் தேவையான எண்ணிக்கைக்கும் நடுவில் நின்ற அந்தப் பதவியை, தோட்ட மருத்துவத்தின் இயல்பையே காட்டும் பதவியாகக் கொள்ளலாம். சிகிச்சைக்குக் காசு வாங்கப்படவில்லை. ஆனால் அது தோட்டத்து எல்லையோடு முடிந்தது. வேலை போனாலும் வயது முதிர்ந்தாலும் லயத்து வீட்டோடு மருத்துவமனையும் போயிற்று.

இலவசமாகக் கிடைத்ததால் தொழிலாளர் அதில் நிறைவடைந்திருந்தனர் என்று எண்ணுவது பிழையாகும். 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தங்களின்போது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், கள்ளுக்கடை மூடல், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவை நீக்குதல் ஆகியவற்றோடு, முறையான மருத்துவ வசதியும் இடம்பெற்றிருந்தது. தலைமையேற்றவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் நாடுகடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சட்டத் தொகுப்பு கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறையில் இருந்த ஒரு வட்டாரத்தில் மருத்துவ வசதிக்காக மனிதர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பது, ஏட்டிலிருந்த உரிமைக்கும் டிரஸ்ஸரின் அறை வாசலுக்கும் இருந்த தொலைவைப் புலப்படுத்துகிறது.

போருக்குப் பின் வந்த ஏற்பாடுகள் பாதுகாப்பைத் தோட்டத்திலிருந்து பிரித்துத் தொழிலாளியின் பெயரில் எழுதத் தொடங்கின. 1951-இல் ஊழியர் சேமநிதி உருவானது. அது முதுமைக்கான சேமிப்பாக இருந்ததேயன்றி, நோய்க்கான காப்பாக அமையவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி.பி. நாராயணன் முதலானோரின் முயற்சியில் ஒன்றுபட்ட அமைப்பாயிற்று. அதே ஆண்டில் கூட்டுறவு இயக்கத்தினர் தம் உறுப்பினர்களுக்காகத் தொடங்கிய மலாயாக் கூட்டுறவுக் காப்புறுதிச் சங்கம், குறைந்த வருவாயினருக்கும் ஆயுள் காப்புறுதியைக் கொண்டு சென்றது, எம்.சி.ஐ.எஸ். என்று பின்னர் அறியப்பட்ட அந்நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்டது. பெட்டாலிங் ஜெயாவோ எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்து நிலத்தில் 1950-களின் தொடக்கத்தில் எழுந்த நகரம். நிலம் நகரமானதும் அங்கு உழைத்தவர்களுக்கு இருந்த தோட்டப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது; பிற்காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் நிகழவிருந்ததன் முதற்படி அது.

1969-ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்கள் வழக்கில் ‘சொக்சோ’ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971-இல் செயற்படத் தொடங்கியது. முதலாளி ஊதியத்தில் சுமார் 1.75 விழுக்காடும் தொழிலாளி சுமார் 0.5 விழுக்காடும் சந்தா செலுத்தும் இத்திட்டம் இரு கிளைகளைக் கொண்டது: வேலையிடத்திலும் வேலைக்குச் சென்று திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளுக்கான காப்பு ஒன்று, ஓய்வு வயதுக்கு முன் நிலையாக உழைக்க இயலாமற்போனவருக்கு ஓய்வூதியம் தரும் இயலாமைக் காப்பு மற்றொன்று. மறு ஆண்டே திறக்கப்பட்ட சுங்கை வே தடையற்ற வாணிக வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தோட்டத்து வீடுகளிலிருந்து வேலைக்குப் போன இளம்பெண்களுக்கு இதுவே முதற்காப்பாயிற்று. ஆயினும் இதில் ஒரு பெரும் இடைவெளி உண்டு. பித்தப்பைக் கல்லோ மகப்பேற்றுச் சிக்கலோ இதய அடைப்போ வேலையால் வந்தது என்று நிறுவப்படாதவரை, மருத்துவமனைச் செலவைச் சொக்சோ ஏற்பதில்லை. தகுதியுடைய சிறுநீரக நோயாளிகளுக்கான இரத்தச் சுத்திகரிப்பு உதவி போன்ற சில மட்டுமே விலக்கு. தோட்ட மருத்துவமனை காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இடந்தந்தது. அந்த அன்றாட நோய்களைத்தான் புதிய திட்டம் வெளியே விட்டது.

அந்த இடைவெளியை நிரப்பியது அரசு மருத்துவமனை. கோலாலம்பூர் பொது மருத்துவமனை, 1960-களின் இறுதியிலிருந்து பல்கலைக்கழக மருத்துவமனை, 1980-களில் கிள்ளானில் எழுந்த தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை ஆகியவை தோட்டம் விட்டு வந்தவர்களை ஏற்றன. வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட் என்ற கட்டணம் எந்தக் காப்புறுதித் திட்டத்தையும்விட அவர்களுக்கு நெருக்கமாக இருந்தது. சீபீல்டு தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயாவாக மாறியது போலத் தோட்டங்கள் அடுத்தடுத்து வீடமைப்புப் பகுதிகளான காலத்தில், இழப்பீட்டுக் கணக்கில் வீடும் வேலை செய்த ஆண்டுகளும் எண்ணப்பட்டன. கைவிட்டுப்போன மருத்துவ உரிமைக்கு விலை வைத்தவர் மிகச் சிலரே. இது அக்காலப் பேச்சுவார்த்தைகளின் பெருங்குறை என்றே கூற வேண்டும்.

அரசு தரும் அடிப்படைக் காப்புக்கு மேல் துணைக்காப்பு வாங்கும் வழக்கம் பின்னர் இங்கும் வந்தது; அதை ஒழுங்குபடுத்தும் வழிக்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 65 வயது நிறைந்தோருக்காக 1965-இல் சட்டமாக்கப்பட்ட மெடிகேர், மருத்துவர் கட்டணத்தில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கை நோயாளியிடமே விடுகிறது. அதை ஈடுசெய்யத் தனியார் விற்கும் ‘மெடிகேப்’ என்னும் துணைக்காப்புகள் குழப்பமாகப் பெருகியபோது, 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை எழுத்துகளால் பெயரிட்ட சில நிலையான வகைகளாகச் சுருக்கியது. ஒரே எழுத்துடைய திட்டத்தின் பயன் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒன்றே என்பதால், வாங்குபவர் விலையையும் சேவையையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். மெடிகேரின் மருத்துவக் காப்புப் பிரிவில் 65 வயதில் சேர்ந்ததும் தொடங்கும் ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிப்பவரை, முந்தைய நோயைக் காட்டி நிறுவனம் மறுக்க இயலாது. 

மலேசியாவில் ‘மெடிக்கல் கார்டு’ என்னும் தனியார் மருத்துவக் காப்புறுதி பரவியபோது, இத்தகைய ஒழுங்கு உடன் வரவில்லை. சுங்கை வே பெயரையே தாங்கிய ஈயச் சுரங்க நிறுவனத்திலிருந்து வளர்ந்த சன்வே குழுமம் 1999-இல் திறந்த மருத்துவமனை உட்பட, தனியார் மருத்துவமனைகள் பள்ளத்தாக்கில் பெருக, அட்டையில்லாதோர் அவற்றின் வாசலுக்கு வெளியே நின்றனர். வாங்க முனைந்தவர், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதமாக அமைந்த ஆண்டு உச்சவரம்பையும் காத்திருப்புக் காலத்தையும் விலக்கப்பட்ட நோய்ப்பட்டியலையும் முகவரின் சொல்லை நம்பியே விளங்கிக்கொள்ள நேர்ந்தது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே பதிவான ஐம்பது வயதுத் தொழிலாளியின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது அல்லது அந்நோய்களை நீக்கியே ஏற்கப்பட்டது. சேமநிதியில் 1994-இல் நோய்ச் செலவுக்கென மூன்றாம் கணக்கு பிரிக்கப்பட்டது. 2022-இல் சேமிப்பிலிருந்தே காப்புறுதி வாங்க ‘ஐ-லிண்டுங்’ வந்தது. 2019-இல் குறைந்த வருவாயினருக்கு ‘மைசலாம்’ திட்டம், கடும்நோய்க்கு 8,000 ரிங்கிட்டும் அரசு மருத்துவமனையில் தங்கும் நாளுக்கு 50 ரிங்கிட்டும் தந்தது. இவற்றுள் மைசலாம் ஒன்றே தெரிவு எதையும் கேட்காமல் வந்தது. கடைசித் தோட்டத் தலைமுறைக்கு அதிகம் பொருந்தியதும் அதுவே.

2024-இல் மருத்துவக் காப்புறுதியின் பிரீமியம் செங்குத்தாக ஏறியபோது, டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தை 2026 இறுதிவரை படிப்படியாகப் பரப்பவும், மிகக் குறைந்த திட்டத்தில் உள்ள 60 வயது நிறைந்தோருக்கு ஓராண்டு ஏற்றத்தை நிறுத்தவும் வகை செய்தது. 2025-இல், நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றை வகுக்கும் பணியும் தொடங்கியது. அமெரிக்கச் சட்டம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுத்துகளால் செய்த ஒழுங்கை ஒத்த முயற்சி இது. சுங்கை வே தொழிற்சாலைகளில் இன்று பணியிலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அது பயன்படக்கூடும். தடையற்ற வாணிக வட்டாரத்தின் முதல் தலைமுறைப் பெண்களோ எழுபதை ஒட்டிய வயதில் உள்ளனர்; அவர்களுள் அட்டை இல்லாதவர்களுக்குப் புதிய திட்டம் கதவு திறக்குமா என்பது, அது முந்தைய நோயையும் நுழைவு வயதையும் எவ்வாறு நடத்துகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.