மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறிய கதை



சென்ற பொதுக்குழுவில் மூன்றாம் மாடிக்காரர்கள் தண்ணீருக்குத் தனிக் குழாய் கேட்டோம். "உங்க மாடிப் பிரச்சினைக்கு நாங்க ஏன் பணம் தரணும்?" என்று கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். பழைய பேரேட்டைப் புரட்டிப் பதில் சொல்கிறேன்.

சென்னைக் குழாய்த் தண்ணீரின் ஆரம்ப இருப்பு ஏழு கிணறு. 1772-ல் கேப்டன் பேக்கர் கொண்டுவந்த திட்டம். தண்ணீர் கோட்டைக்குப் போனது; ஊர் மக்கள் கிணற்றையும் குளத்தையுமே நம்பியிருந்தார்கள்.

நூறு வருடம் கழித்து, 1872-ல், செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, இரும்புக் குழாய்களில் ஊருக்குள் இறங்கியது. வடிகட்டவும் இல்லை, மேலே ஏற்றவும் இல்லை. நிலத்தின் சரிவை மட்டும் நம்பியதால் அழுத்தம் போதவில்லை. 1914-ல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் வந்தன. அதை வடிவமைத்த பொறியாளர் மேட்லியின் பெயரில்தான் தி.நகரில் மேட்லி சாலை இருக்கிறது. தண்ணீரைத் தள்ளி அனுப்ப ஆன அந்தச் செலவு ஊர்ப் பொதுச் செலவு.

அதற்குப் பின் ஊர் பெருத்தது, அழுத்தம் இளைத்தது. வாசலில் பள்ளம் தோண்டி அடிபம்பு போட்ட நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அடுக்குமாடிகள் வந்ததும் கீழே சம்ப், நடுவே மோட்டார், மொட்டைமாடியில் டேங்க் என்று ஆனது. ஒவ்வொரு கட்டடமும் ஒரு குட்டிக் கீழ்ப்பாக்கம்!

இப்போது நம் கணக்கு. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் தரும். நம் டேங்கின் அடிமட்டத்துக்கும் மூன்றாம் மாடி ஷவருக்கும் இடையே சுமார் 2 மீட்டர்தான், அதாவது 0.2 கிலோ. கீழ்த்தள ஷவருக்கு 11 மீட்டர், 1.1 கிலோ. டேங்குக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தண்ணீர் குறைவு! போதாததற்கு, நான்கு தளத்துக்கும் ஒரே இறக்கக் குழாய். காலை ஆறரைக்குக் கீழே எல்லோரும் திறந்தால் எங்கள் குழாயில் காற்றுதான் சீறும்.

மேல்மாடி நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கீசர் வெந்நீர் நன்றாக வந்து, பச்சைத் தண்ணீர் மட்டும் மெலிந்து வந்தால் டேங்கைக் குறை சொல்லாதீர்கள். இரண்டுக்கும் அதே டேங்க், அதே குழாய்தான். நானும் இரண்டு வருடம் டேங்கைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் பச்சைத் தண்ணீர் ஆங்கிள் வால்வில் துருவும் மண்ணும் அடைப்பு! பிளம்பர் அரை மணியில் முடித்துவிட்டார். முதலில் அந்த வால்வு, மிக்ஸர், குழாய் வாய்ச் சல்லடை மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். அது உங்கள் சொந்தச் செலவு.

அதற்குப் பிறகும் மிஞ்சும் குறை, கட்டடத்தின் குறை. டேங்கிலிருந்து மூன்றாம் மாடிக்கு மட்டும் அகலமான, வளைவு குறைந்த தனிக் குழாய் போட்டு, காற்றுப் போக்கியும் வைத்தால் பெரும்பாலும் தீரும். உயரம் கூடிவிடாது, ஆனால் இருக்கிற அழுத்தம் வீணாகாது. அதுவும் போதவில்லை என்றால் அவரவர் வீட்டுக்குச் சிறு பிரஷர் பம்பு, அவரவர் செலவில்.

கீழ்த்தள நண்பரே, மோட்டார் கரண்டு பில்லை எல்லோரும் சமமாகத்தான் கட்டுகிறோம். பக்கெட் நிரம்பக் கால் மணி நேரம் நிற்கும் எங்கள் மாடிப் பெரியவர்களும் கட்டுகிறார்கள். அந்த ஒரு குழாயைப் பொதுக் கணக்கில் எழுதலாமா? அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். அதற்குமுன் ஒருநாள் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்; குழாயைத் திறந்து காட்டுகிறேன், காபியும் தருகிறேன்.